போஹெயும் புதினாவும்: சீன மருத்துவப் புதினாவின் தண்மையும் தாமிரபரணிக் கரைத் தழைகளின் வெப்பமும்

ஆய்வுச்சுருக்கம்

சீன மரபு மருத்துவத்தில் 'போஹெ' எனப்படும் மூலிகையைத் தமிழில் எழுதுவோர் 'புதினா' என்றே பெயர்க்கின்றனர். சீன மருத்துவம் போஹெயைத் தண்மையுடையது என்கிறது. தமிழ் மருத்துவம் புதினாவை வெப்பமுடையது என்கிறது. இரண்டும் வெவ்வேறு இனச் செடிகள் என்பதும், தண்மை, வெப்பம் என்னும் சொற்கள் இரு மருத்துவங்களிலும் ஒரே பொருளைக் குறிப்பதில்லை என்பதும் இம்முரணுக்குக் காரணங்கள் என இக்கட்டுரை விளக்குகிறது. ஏரல் வட்டாரத்தில் சளிக்கும் காய்ச்சலுக்கும் வழங்கும் புதினாக் குடும்பத் தழைகள் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: போஹெ, புதினா, துளசி, நொச்சி, வீரியம், புதினா உப்பு, ஏரல்

முன்னுரை

மருந்துப் பொருள்களை ஒரு மருத்துவ மரபிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்க்கும்போது செடியின் பெயர் மட்டும் பெயர்க்கப்படுவதில்லை. அச்செடியைப் பற்றிய கொள்கையும் உடன் வருகிறது. பெயர் ஒன்றாகவும் கொள்கை வேறாகவும் அமையுமிடத்தில் பிழை நேர்கிறது. புதினா அத்தகையதோர் எடுத்துக்காட்டு. சீன மருத்துவம் பற்றித் தமிழில் வெளிவரும் நூல்களும் கட்டுரைகளும் போஹெ என்னும் மூலிகைக்குப் புதினா எனப் பொருள் எழுதிவிட்டு, அதன் குணமாகத் 'தண்மை' என்பதைக் குறிக்கின்றன. சித்த மருத்துவம் பயின்றவர் அவ்வரியைப் படிக்கும்போது தடை எழுகிறது. குணபாட மரபில் புதினா கார்ப்புச் சுவையும் வெப்பத் தன்மையும் உடையது. ஆயுர்வேதம் அதனை உஷ்ண வீரியம் என்கிறது. யுனானி மருத்துவம் வெப்பமும் வறட்சியும் உடையதாக வகுக்கிறது. இந்தியாவில் வழங்கும் மூன்று மருத்துவங்கள் ஒருபுறமும் சீன மருத்துவம் மறுபுறமும் நிற்கின்றன. மோரில் புதினாவை அரைத்துச் சேர்த்து அதனைக் 'குளிர்ச்சி' என்று கூறும் மக்கள் வழக்கு இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது.

இம்முரணை ஆராய்வதற்கு இடத்தால் வரையறுக்கப்பட்ட ஒரு மூலிகை வழக்கு தேவை. ஸ்ரீவைகுண்டத்துக்கும் கடலுக்கும் இடையே தாமிரபரணிக் கரையில் அமைந்த ஏரல் அதற்கு ஏற்றது. தென்திருப்பேரை, ஆழ்வார்திருநகரி முதலிய நவதிருப்பதித் தலங்கள் இவ்வாற்றுப் பகுதியில் உள்ளன. வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் ஏரலுக்குக் கீழே ஆற்றோரமாக அமைந்துள்ளது. பழந்துறைகளான கொற்கையும் பழையகாயலும் அண்மையில் உள்ளன. சீனப் பொருள்கள் வந்திறங்கிய கடற்கரையும் உள்நாட்டு மூலிகை வழக்கும் அடுத்தடுத்து அமைந்த நிலம் இது.

ஆற்றங்கரைத் தழைகள்

புதினா சேரும் தாவரக் குடும்பம் லேமியேசி. தமிழில் அதனைத் துளசிக் குடும்பம் என்று வழங்குவோரும் உளர். இவ்வட்டாரத்துக்கு அப்பெயரே பொருந்தும். கண்ணில் படும் தழைகளுள் துளசி, தும்பை, கர்ப்பூரவள்ளி, பேய்மிரட்டி ஆகியவை இக்குடும்பத்தைச் சார்ந்தவை. முன்னர் வேறு குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த நொச்சியையும் இக்காலத் தாவரவியலார் இதனுள் சேர்த்துள்ளனர். ஓமவல்லி என்று வழங்கும் கர்ப்பூரவள்ளி வீட்டு முற்றத்துத் தொட்டியில் வளர்வது. தும்பையும் பேய்மிரட்டியும் தரிசிலும் வரப்பிலும் தாமே முளைப்பவை. நொச்சி வேலியில் நிற்பது. துளசி கோயிலையும் வீட்டையும் ஒருங்கே சார்ந்தது. பெருமாள் கோயில் தீர்த்தத்தில் துளசியும் பச்சைக் கர்ப்பூரமும் சேர்வதை மருத்துவமாகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும், அந்த மணம் தொண்டைக்கு இதமானது என்னும் அறிவு அவ்வழக்கின் வழியே எல்லார்க்கும் உரியதாயிற்று.

இத்தழைகளின் பயன் பெரும்பாலும் ஒரே முகமானது. குழந்தையின் இருமலுக்குக் கர்ப்பூரவள்ளி இலையை வாட்டிப் பிழிந்த சாறு, துளசியும் வெற்றிலையும் சேர்ந்த சாறு, தலைநீரேற்றத்துக்கு நொச்சித் தழை வேது, பல் முளைக்கும் காலத்துக் காய்ச்சலுக்குப் பேய்மிரட்டிக் குடிநீர் என இவை வழங்குகின்றன. சித்த மருத்துவ நோக்கில் சளி என்பது ஐயத்தின் மிகுதி. ஐயம் குளிர்ந்த இயல்புடையது. எனவே அதற்கு எதிரான வெப்ப வீரியப் பொருள்களே மருந்தாகும். மேற்குறித்த தழைகள் யாவும் வெப்பத் தன்மையுடையனவாகவே வகுக்கப்பட்டிருப்பது தற்செயலன்று.

இவ்வரிசையில் புதினா இல்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. புதினா என்னும் சொல் பாரசீகத்தின் 'பூதீனா' என்பதிலிருந்து உருது வழியாக வந்தது. தாவரப் பெயர்த் தொகுப்புகளில் 'ஈயெச்சக்கீரை' என்றொரு பெயர் காணப்பட்டாலும் அது வழக்கூன்றவில்லை. பிரியாணி, துவையல், சட்டினி எனச் சமையலறை வழியாகவே புதினா தமிழ் வாழ்வில் நுழைந்தது. மருத்துவத்திலும் அதற்குக் கிடைத்த பணி வயிற்றைச் சார்ந்ததே: பசியின்மை, வாந்தி, வயிற்றுப் பொருமல். பெயரோடு யுனானி மருத்துவத்தின் வெப்பக் கொள்கையும் சேர்ந்து வந்திருக்கக் கூடும். சளியின் இடத்தைத் துளசியும் நொச்சியும் முன்னரே கொண்டிருந்தன.

சீன மருந்துக்கூடத்தில் போஹெ

சீனத்தில் நிலைமை வேறு. தாங் அரசு 659ஆம் ஆண்டில் தொகுப்பித்த 'சின்ஷியு பென்சாவோ' என்னும் மருந்துநூலிலேயே போஹெ இடம்பெற்றுவிட்டது. 1578இல் எழுதி முடிக்கப்பட்டு 1596இல் அச்சான லீ ஷிசென்னின் 'பென்சாவோ காங்மூ'வும் அதனை விரித்துரைக்கிறது. யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள சியாங்சு மாநிலத்துப் போஹெ தரத்தால் உயர்ந்ததாகக் கொள்ளப்படுகிறது. செடியின் நிலமேற் பகுதி முழுவதும் மருந்தாகிறது. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் அறுத்து உலர்த்துவர். இன்றைய சீன மருந்துநூல் உலர்ந்த மருந்தில் ஆவியாகும் எண்ணெய் நூற்றுக்கு 0.8 பங்குக்குக் குறையலாகாது என வரையறுத்து, நாளொன்றுக்கு 3 முதல் 6 கிராம் வரை அளவு குறிக்கிறது.

போஹெயின் சுவை கார்ப்பு, தன்மை தண்மை, சேரும் உறுப்புத் தடங்கள் நுரையீரலும் கல்லீரலும் என்பது சீன வகைப்பாடு. சீன மருத்துவம் சளிக்காய்ச்சலை வெளியிலிருந்து தாக்கும் 'காற்று' எனக் கருதி, அக்காற்றைக் குளிர்க்காற்று, வெப்பக்காற்று என இரண்டாகப் பிரிக்கிறது. நடுக்கம் மிகுந்து, வியர்வையின்றி, மூக்கில் தெளிந்த நீர் ஒழுகினால் அது குளிர்க்காற்று. காய்ச்சல் மிகுந்து, தொண்டை சிவந்து வலித்து, நீர்வேட்கை எழுந்தால் வெப்பக்காற்று. போஹெ இரண்டாவதற்கே உரியது. தொண்டை நோவு, கண் சிவப்பு, தலைவலி ஆகியவற்றுக்கும், தட்டம்மையில் தடிப்பு வெளிப்படத் தயங்கும்போதும் அதனைச் சேர்ப்பர். மிகுந்து வியர்ப்பவர்க்கு அதனை விலக்குவர். பாலைக் குறைக்கும் எனக் கருதிப் பாலூட்டும் தாயர்க்கும் மிகுதியாகக் கொடுப்பதில்லை.

குளிர்க்காற்றுக்கு உரிய தழைகளும் இதே தாவரக் குடும்பத்திலேயே உள்ளன. ஸிசு, ஜிங்ஜியே என்னும் இரண்டும் லேமியேசியைச் சேர்ந்தவை. கார்ப்புச் சுவையும் வெம்மையும் உடையவை. ஆகவே ஒரு குடும்பத்துத் தழைகளைச் சீனர் தண்ணியவை, வெம்மையானவை எனப் பிரித்து, நோயின் இயல்புக்கேற்பத் தேர்ந்தனர். தமிழ் மருத்துவமோ தன்னிடமிருந்த அக்குடும்பத் தழைகளைச் சளியின் பொருட்டு வெப்பத்தின் பக்கமே நிறுத்தியது. சளியை ஐயம் என்னும் ஒன்றன் மிகுதியாகக் கண்ட மரபுக்கு அது போதுமானதாக இருந்தது. காய்ச்சலின் வெம்மையைத் தணிக்க அது வேறு குடும்பத்துப் பொருள்களை நாடியது.

வூ ஜுதோங் 1798இல் முடித்த 'வென்பிங் தியாவ்பியான்' என்னும் நூலில் உள்ள 'யின் சியாவ் சான்' என்ற கூட்டு இன்றும் சீனத்தில் பெருவழக்குடையது. அதன் ஒன்பது சரக்குகளுள் போஹெயும் உண்டு; வெம்மையுடைய ஜிங்ஜியேயும் உண்டு. தண் மருந்து எனப்படும் கூட்டில் வெப்பத் தழை சேர்வது முரணன்று. வியர்வையைத் திறந்துவிட அதன் வெம்மை உதவுகிறது; கூட்டின் மொத்த இயல்பு தண்மையாகவே நிற்கிறது. தனிச் சரக்கின் குணத்தைக் கொண்டு மருந்தின் குணத்தை முடிவுசெய்வது சீன மருத்துவத்திலும் பொருந்தாது என்பதற்கு இது சான்று.

மணத்தைக் காக்கும் முறை

அக்கூட்டைக் காய்ச்சும்போது மணம் மிகுந்து எழுந்த உடனே இறக்கிவிட வேண்டும், நெடுநேரம் கொதிக்கவிடலாகாது என்பது வூ ஜுதோங்கின் அறிவுரை. பிற குடிநீர்களிலும் போஹெயை இறுதியில் இடுவதே முறை. வேர்களும் பட்டைகளும் கொதித்து முடியும் தறுவாயில் இதனைச் சேர்த்துச் சில நிமிடங்களில் இறக்குவர். ஆவியாகும் எண்ணெய் பறந்துவிடாமல் காக்கும் வழி இது.

சித்த மருத்துவக் குடிநீர்களில் பல எட்டொன்றாகவோ நான்கொன்றாகவோ சுண்டக் காய்ச்சப்படுபவை. அம்முறையில் நறுமணத் தழைகளை இட்டால் எஞ்சுவது கசப்பும் துவர்ப்புமே. தமிழ் வழக்கில் கர்ப்பூரவள்ளியும் துளசியும் பெரும்பாலும் சாறாகவும், நொச்சி வேதாகவும் பயன்படுவதை இதனோடு சேர்த்துக் காண வேண்டும். இலையை அனலில் வாட்டும் நேரம் மிகக் குறுகியது. வேதிலோ பறந்துபோகும் ஆவியே மருந்தாகிறது. சீனர் காய்ச்சும் நேரத்தைக் குறைத்துக் காத்த எண்ணெயைத் தமிழர் காய்ச்சாமலும், காய்ச்சினால் ஆவியையே பிடித்தும் பயன்கொண்டனர். கொள்கையில் முரண்படும் இரு மருத்துவங்கள் செய்முறையில் ஒன்றையே கண்டறிந்திருப்பது இவ்வொப்பீட்டில் மிகவும் உறுதியான பகுதி எனலாம்.

தண்மையா, வெப்பமா?

முரணுக்கு வருவோம். அதற்கு முதற்காரணம் செடியே. போஹெயின் தாவரப் பெயர் மெந்தா கனடென்சிஸ். சீன மருந்துநூல் மெந்தா ஹாப்லோகேலிக்ஸ் என்னும் பெயரைப் பயன்படுத்துகிறது. இரண்டும் ஒன்றே என்பது இன்றைய வகைப்பாட்டாளர் கருத்து. அதன் எண்ணெயில் பெரும்பங்கு மெந்தால். தமிழ்நாட்டுச் சமையற் புதினாவாகப் பரவலாக வழங்குவது மெந்தா ஸ்பைகாட்டா. அதன் மணத்துக்குக் காரணம் கார்வோன். மெந்தால் அதில் மிகக் குறைவு. இந்திய நூல்கள் பல இரண்டையும் மெந்தா ஆர்வென்சிஸ் என்று எழுதியதால் வேறுபாடு மறைந்தது. ஆய்வுக்கூடம் இல்லாமலே இதனை அறியலாம்: மெந்தால் மிகுந்த இலையை மென்று மூச்சை உள்ளிழுத்தால் வாய் சில்லிடும், துவையலுக்கு வாங்கும் புதினாவில் அந்தச் சிலிர்ப்பு அவ்வளவாக எழுவதில்லை. எழாத குளிர்ச்சியைத் தமிழ் மருத்துவம் குணமாக எழுதாததில் வியப்பில்லை.

இரண்டாவது காரணம் சொற்பொருள். மெந்தால் எதனையும் குளிர்விப்பதில்லை. நரம்பு முனைகளில் குளிரை உணரும் டிஆர்பிஎம்8 என்னும் ஏற்பியை அது தூண்டுகிறது. மூளை அதனைக் குளிர் என்றே கொள்கிறது. டேவிட் ஜூலியஸ், ஆர்டம் படபூட்டியன் ஆகியோரின் ஆய்வுக்குழுக்கள் மெந்தாலைக் கருவியாகக் கொண்டு இவ்வேற்பியைத் தனித்தனியே 2002இல் கண்டறிந்தன. வெப்பத்தையும் தொடுகையையும் உணரும் ஏற்பிகளைக் கண்டறிந்தமைக்காக இருவருக்கும் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. மூக்கடைப்பில் மெந்தாலை முகர்ந்தால் அடைப்பு நீங்கியதுபோலத் தோன்றுவதும் இவ்வகையதே. மூக்கின் வழி பெரிதாவதில்லை. காற்று தண்ணெனச் செல்லும் உணர்வே மிகுகிறது.

இதனைக் கொண்டு சீனர் உணர்வைக் குணமாகக் கருதி ஏமாந்தனர் என்று கூறுவது எளிது, ஆனால் பிழை. சீன மருத்துவத்தில் தண்மை என்பது நாவின் உணர்வு அன்று. எந்நோயில் ஒரு பொருள் உதவுகிறதோ அந்நோயின் எதிர்நிலையே அப்பொருளின் தன்மை. வெம்மை மிகுந்த தொண்டை நோவில் போஹெ உதவியது. ஆகவே அது தண்ணியது. வாயில் சில்லிடும் உணர்வு அம்முடிவுக்குத் துணைநின்றிருக்கலாம். சித்த மருத்துவத்தின் வீரியமும் செயலைக் கொண்டே அறியப்படுவது. புதினா இங்கு மந்தித்த செரிமானத் தீயைத் தூண்டியது. ஆகவே அது வெப்பமானது. தொண்டையை நோக்கி ஒரு மரபும் வயிற்றை நோக்கி மற்றொன்றும் கேள்வி கேட்டன. விடைகள் வேறுபட்டன. ஒரே செடியைக் கையில் கொண்டிருந்தாலும் இவ்வேறுபாடு ஓரளவு எழுந்தே இருக்கும்.

கடல்வழி வந்ததும் வராததும்

சீனத்தோடு தொடர்பில்லாத நிலம் என்பதால் போஹெ இங்கு வரவில்லை என்று கருத இடமில்லை. மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்ட காயல் துறையை ஆராய்ந்த கால்டுவெல், அங்குச் சீனப் பீங்கான் ஓடுகள் வெளியெங்கும் சிதறிக்கிடந்ததைப் பதிவுசெய்துள்ளார். அதனினும் வலுவான சான்று மருந்துச் சரக்கிலேயே உள்ளது. சித்த மருத்துவத்தில் பெருவழக்குடைய பறங்கிப்பட்டை, ஸ்மைலாக்ஸ் சைனா என்னும் சீனக் கொடியின் கிழங்கு. 1563இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் நூல் இச்சீனக்கிழங்கைப் பற்றித் தனி உரையாடலே கொண்டுள்ளது. போர்ச்சுக்கீசியர் வழியாகப் பரவியதாலோ, பறங்கி நோய்க்கு மருந்தானதாலோ அதற்கு இப்பெயர் அமைந்தது.

சீனக் கிழங்கு நுழைந்த வாயில் வழியே சீனத் தழை ஏன் நுழையவில்லை? உலர்ந்த கிழங்கு கப்பற்பயணத்தைத் தாங்கும். மணத்தழை நாளடைவில் வெறுஞ்சருகாகும். இது ஒரு காரணம். நோயின் நிலை அதனினும் முதன்மையானது. பறங்கிப்புண் புதிய நோய். அதற்கு மரபில் மருந்தில்லை. இடம் காலியாக இருந்தது. சளிக்காய்ச்சலுக்கோ வேலியிலேயே மருந்து நின்றது.

புதினா உப்பும் கோடாலித் தைலமும்

போஹெ இறுதியில் வந்தது; ஆனால் தழையாக வரவில்லை. நாட்டு மருந்துக் கடைகளில் 'புதினா உப்பு' என்று விற்கும் ஊசி போன்ற வெண்படிகம் மெந்தால். அது உப்பன்று, சமையற் புதினாவிலிருந்து எடுக்கப்படுவதும் அன்று. கர்ப்பூரம், ஓம உப்பு, புதினா உப்பு மூன்றையும் சம அளவில் சேர்த்தால் தாமே உருகி நீர்மமாகும் என்பது பலரும் அறிந்த கைமுறை. இன்று இயற்கை மெந்தாலுக்கு இந்தியாவே உலகின் முதன்மை விளைநிலம். உத்தரப்பிரதேசத்தின் பாராபங்கி முதலிய மாவட்டங்களில் பயிராகும் அச்செடி, 1950களில் ஜப்பானிலிருந்து கொண்டுவரப்பட்ட போஹெ இனமே.

தைலங்களின் வழியும் அதுவே. ஆவ் சூ கின் என்னும் சீன மருத்துவர் இரங்கூனில் நடத்திய மருந்துக்கடையிலிருந்து கிளைத்து, அவர் மக்களால் 1926இல் சிங்கப்பூருக்குப் பெயர்ந்தது டைகர் பாம். அந்நகரிலேயே லியுங் யுன் சீ 1928இல் தொடங்கிய நிறுவனத்தின் கோடாலித் தைலம், வெளிநாடு சென்று திரும்புவோர் பெட்டியில் தவறாது இடம்பெறும் பொருளாயிற்று. இரண்டிலும் மெந்தாலும் கர்ப்பூரமும் உண்டு. இவற்றைத் தமிழ் வீடுகள் 'சூடு பிடிக்கத்' தேய்ப்பன என்றே வழங்குகின்றன. சீனர் தண்மை என்று வகுத்த செடியின் சாரம் இங்கு வந்ததும் வெப்பத்தின் பக்கமே சேர்க்கப்பட்டுவிட்டது. சளி மருந்து வெப்பமானதாகவே இருக்க வேண்டும் என்னும் பழைய வகைப்பாட்டின் வலிமையை இதனால் அறியலாம்.

இப்பெயர் மயக்கத்தால் நேரும் இடர் குழந்தைகளைச் சார்ந்தது. கர்ப்பூரவள்ளிச் சாற்றின் இடத்தைத் தைலம் பிடித்துக்கொண்ட வீடுகளில், கைக்குழந்தையின் மார்பிலும் மூக்கடியிலும் அதனைத் தடவும் பழக்கம் உண்டு. மெந்தாலும் கர்ப்பூரமும் செறிந்த ஆவி சிறு குழந்தைகளின் குரல்வளையை இறுகச்செய்து மூச்சைத் தடுக்கக் கூடும். இரண்டு வயது நிரம்பாதோர்க்கு இவற்றைத் தடவலாகாது என்பது இக்கால மருத்துவர் எச்சரிக்கை. 'புதினா தானே' என்னும் நம்பிக்கை இங்கு உதவாது. துவையலில் உள்ளது கார்வோன் மணமுள்ள தழை. புட்டியில் உள்ளது வேறோர் இனத்தின் எண்ணெயிலிருந்து பிரித்துச் செறிவாக்கிய படிகம்.

ஒப்பீட்டு அகராதிகளில் போஹெ என்னும் சொல்லைப் பறங்கிப்பட்டை போலத் தனிப்பெயராகவே ஆண்டு, 'மெந்தால் மிகுந்த சீனப் புதினா இனம். வெம்மை மிகுந்த தொண்டை நோவுக்கு உரியது' எனக் குறிப்பு எழுதுவது பொருந்தும். தாமிரபரணிக் கரைத் துளசிக்குச் சீன மருந்துக்கூடத்தில் நேர்நிற்பது எது எனக் கேட்டால், விடை போஹெ அன்று. நடுக்கத்தோடு கூடிய சளிக்கு இஞ்சியுடன் சேர்த்துக் கொடுக்கப்படும் கார்ப்பும் வெம்மையும் உடைய ஸிசுவே அது.